வீட்டருகே மெக்சிகன் உணவகம், முதல் முறை போகிறோம்: எதில் தொடங்கலாம்?

அந்திமந்தாரை | புதன், இரவு 9:15

எங்கள் தெருமுனையில் ஒரு சின்ன மெக்சிகன் உணவகம் இருக்கிறது. ஆறே மேசைகள். தினமும் அதைத் தாண்டித்தான் வீட்டுக்கு வருகிறேன். சூடான கல்லில் மாவு வேகும் வாசனை வாசல் வரைக்கும் வரும். இத்தனை நாளில் ஒரு தடவைகூட உள்ளே போனதில்லை. இந்தச் சனிக்கிழமை மதியம் குடும்பத்தோடு போவது என்று முடிவு செய்துவிட்டோம்: நான், கணவர், எட்டு வயது மகள், என் அப்பா.

வெளியே ஒட்டியிருக்கும் உணவுப் பட்டியலைப் படித்துப் பார்த்தேன். டாக்கோ, கேசடியா, என்சிலாடா, டோஸ்டாடா, புரிட்டோ, தமால். எனக்கு எல்லாமே ஒரு ரொட்டிக்குள் எதையோ வைத்த மாதிரிதான் தெரிகிறது. வித்தியாசம் எங்கே இருக்கிறது?

இன்னும் மூன்று விஷயம். அப்பா சுத்த சைவம். பால், சீஸ் சாப்பிடுவார், முட்டை கிடையாது. மகளுக்குக் காரம் ஆகாது. கணவருக்கு எவ்வளவு காரம் போட்டாலும் போதாது. மூன்று பேருக்கும் மனசு நிறைய வேண்டும் என்பது என் ஆசை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சிறுகுறிஞ்சி | புதன், இரவு 9:42

குழந்தைக்கு உட்கார்ந்த உடனே ஒரு ஓர்சாட்டா சொல்லிவிடுங்கள். அரிசியை ஊறவைத்து, பட்டையோடு அரைத்து வடிகட்டி, சர்க்கரை போட்டுக் குளிரக் கொடுப்பார்கள். சில இடங்களில் பாலும் சேர்ப்பார்கள். பிடிக்காத குழந்தையை நான் பார்த்ததில்லை. உங்களுக்கு ஹமாய்க்கா: ரோசெல் என்ற செம்பருத்தி வகையின் காய்ந்த பூவுறையை ஊறவைத்து எடுக்கும் சிவப்புப் பானம், நல்ல புளிப்பு. இரண்டும் ‘அகுவா ஃப்ரெஸ்கா’ என்ற தலைப்பின் கீழ் இருக்கும்.

ஓடக்கோல் | புதன், இரவு 11:05

வேலை நிமித்தமாக நான்கு வருடம் புவெப்லா நகரத்தில் இருந்தேன். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் பார்த்தது சரிதான். அந்தப் பட்டியலில் பெரும்பாதி டோர்ட்டியா என்ற ஒரே ரொட்டியிலிருந்து வருவது. அதை என்ன செய்கிறார்கள் என்பதில்தான் பெயர் மாறுகிறது. கல்லில் வாட்டி, மேலே கறியோ காயோ வைத்துக் கையால் மடித்துச் சாப்பிட்டால் டாக்கோ. உள்ளே சீஸ் வைத்து மடித்து, அது உருகும்வரை கல்லிலேயே கிடந்தால் கேசடியா. மொறுமொறுவென்று பொரித்துத் தட்டையாக வைத்து அதன்மேல் அடுக்கினால் டோஸ்டாடா. மிளகாய்ச் சாற்றில் முக்கிச் சுருட்டினால் என்சிலாடா. அந்தப் பெயருக்கே மிளகாய் சேர்த்தது என்றுதான் அர்த்தம். புரிட்டோ கோதுமை டோர்ட்டியாவில் செய்வது, வடக்கு எல்லைப் பக்கத்துச் சாப்பாடு. தமால் மட்டும் தனி: அதே மக்காச்சோள மாவைக் கொழுப்பு சேர்த்துக் குழைத்து, கதிரை மூடியிருக்கும் உறையிலோ வாழையிலையிலோ பொதிந்து ஆவியில் வேகவைப்பது.

ஆகவே, முதல் தடவை போகும்போது உள்ளே வைப்பது என்ன என்று கவலைப்படுவதைவிட, டோர்ட்டியா எப்படி இருக்கிறது என்று பாருங்கள். நான் எந்தப் புது இடத்துக்குப் போனாலும் இதைத்தான் செய்வேன். அது நன்றாக இருந்தால் மற்றதை நம்பலாம்.

காரணம் சொல்கிறேன். காய்ந்த மக்காச்சோளத்தை அப்படியே அரைத்தால் டோர்ட்டியா வராது. மாவு ஒட்டாமல் உதிரும். சுண்ணாம்பு கலந்த தண்ணீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் கழுவினால் தோல் கழன்று வரும். அந்தச் சோளத்துக்கு நிக்ஸ்டமால் என்று பெயர். அதை ஈரமாகவே அரைத்தால் மாசா என்னும் மாவு. அதைத் தட்டி, கொமால் என்னும் தட்டைக் கல்லில் சுடுவார்கள். உங்கள் வாசல் வரைக்கும் வரும் வாசனை அதுவாகத்தான் இருக்கும். சுண்ணாம்பு பட்ட சோளத்துக்கு மழை பெய்த மண்ணின் வாசம் கொஞ்சம் உண்டு.

இதை ருசிக்காக மட்டும் செய்யவில்லை. மக்காச்சோளத்தில் நியாசின் என்ற வைட்டமின் உடம்பு எடுத்துக்கொள்ள முடியாதபடி கட்டுண்டு கிடக்கிறது. சுண்ணாம்பு அதை விடுவிக்கிறது, கால்சியத்தையும் கூட்டுகிறது. பிற்காலத்தில் ஐரோப்பாவுக்குச் சோளம் போனது, இந்தப் பக்குவம் போகவில்லை. சோளத்தையே பெரும்பாலும் நம்பி வாழ்ந்த வட இத்தாலி, ஸ்பெயின் ஏழைகளுக்கும், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலத்து ஏழைகளுக்கும் பெலாக்ரா என்ற கொடிய நோய் வந்தது. தோல் வெடித்து, வயிறு கெட்டு, புத்தி பேதலித்து மனிதர்கள் செத்தார்கள். மெக்சிகோவில் அதே சோளத்தை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தின்றவர்களை அந்த நோய் அப்படி வாட்டவில்லை. எந்தப் பெண்மணி எந்த அடுப்படியில் இதை முதலில் கண்டுபிடித்தாளோ தெரியாது. ஒவ்வொரு டோர்ட்டியாவிலும் அவளுடைய கை இருக்கிறது என்று நான் நினைப்பேன்.

நிழற்குடை | வியாழன், காலை 7:20

சைவம் என்பதால் அப்பாவுக்காக இதை எழுதுகிறேன், அக்கா. மெக்சிகன் சாப்பாட்டில் காய்க்கும் பருப்புக்கும் குறைவில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இறைச்சி ஒளிந்திருக்கும். இந்த நான்கையும் கேட்டே ஆக வேண்டும்.

முதலில், மசித்த பீன்ஸ். ஃப்ரிஹோலெஸ் ரெஃப்ரிடோஸ் என்று எழுதியிருக்கும். மரபாக இதைப் பன்றிக்கொழுப்பில்தான் வதக்குவார்கள். அதற்கு ‘மான்டேகா’ என்று பெயர். பட்டியலில் சைவ டாக்கோ என்று போட்டிருந்தாலும் உள்ளே இந்த பீன்ஸ் இருக்கலாம். இரண்டாவது, சிவப்பு அரிசிச் சோறு. பல இடங்களில் கோழிச் சாற்றில் வேகவைப்பார்கள். மூன்றாவது தமால், மாவிலேயே மான்டேகா இருக்கும், உள்ளே வெறும் மிளகாயும் சீஸும் வைத்திருந்தாலும். நான்காவது மோலே, குழம்பைக் கோழிச் சாறு விட்டுத்தான் பெரும்பாலும் கரைப்பார்கள்.

இன்னொன்று. ‘சின் கார்னே’, அதாவது கறி இல்லாமல் என்று மட்டும் கேட்டால் போதாது. கார்னே என்றால் மாட்டுக்கறி என்று எடுத்துக்கொண்டு கோழி போட்டுக் கொண்டுவந்து வைத்தது எனக்கே நடந்திருக்கிறது. கோழி வேண்டாம், மீன் வேண்டாம், பன்றிக்கொழுப்பு வேண்டாம், கோழிச் சாறும் வேண்டாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். ஆர்டர் கொடுத்த பிறகு கேட்காதீர்கள், உட்கார்ந்ததும் கேளுங்கள். கூட்டம் சேருவதற்கு முன்னால் போனால் அவர்களுக்கும் பதில் சொல்ல நேரம் இருக்கும்.

வடந்தை | வியாழன், பிற்பகல் 1:30

நான் கொஞ்சம் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. மெக்சிகன் என்று பலகை மாட்டிய ஓர் இடத்துக்கு இரண்டு தடவை போய் ஏமாந்தேன். பெயர் வேண்டாம். பெட்டியிலிருந்து எடுத்த மொறுமொறு ஓடு, அதில் காய்ந்துபோன கொத்துக்கறி, மேலே மஞ்சள் சீஸ் ஒரு மலை. சாப்பிட்டு முடித்ததும் வாயில் சீரகமும் உப்பும்தான் மிஞ்சியது. அது மெக்சிகன் சாப்பாடே இல்லை, அமெரிக்காக்காரர்கள் கண்டுபிடித்த டெக்ஸ்-மெக்ஸ் என்று அப்புறம்தான் தெரிந்தது. பட்டியலில் நாச்சோஸ், ஃபஹீட்டா, மொறுமொறு டாக்கோ என்று வரிசையாக இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள் என்பேன்.

ஏழிலைப்பாலை | வியாழன், மாலை 5:55

வடந்தை அவர்களின் ஏமாற்றம் புரிகிறது. காய்ந்துபோன கறியை யார் பரிமாறினாலும் குற்றம்தான். ஆனால் டெக்ஸ்-மெக்ஸ் என்றால் போலி என்பதை நான் ஏற்க மாட்டேன்.

டெக்சாஸ் 1836 வரை மெக்சிகோவின் பகுதியாக இருந்த மண். எல்லைக் கோடு நகர்ந்தது, அங்கே இருந்த குடும்பங்கள் நகரவில்லை. கிடைத்த மாட்டுக்கறி, கிடைத்த கோதுமை, கிடைத்த சீஸ் இவற்றை வைத்து அந்தக் குடும்பங்கள் சமைத்ததுதான் அந்தச் சமையல். மாட்டின் உதரவிதானத் தசையை, யாரும் வாங்காத துண்டை, கூலியோடு சேர்த்துப் பெற்ற பண்ணையாட்கள் அதைச் சுட்டு ஃபஹீட்டா ஆக்கினார்கள். அதைப் போலி என்று சொல்ல எனக்கு மனம் வராது. நாச்சோஸும் மெக்சிகோவில் பிறந்ததுதான்: 1940-களின் தொடக்கத்தில், எல்லை நகரமான பியேத்ராஸ் நெக்ராஸில், இக்னாசியோ அனாயா என்ற உணவக ஊழியர், நேரங்கெட்ட நேரத்தில் வந்த விருந்தினர்களுக்காகக் கையில் இருந்ததை வைத்துச் செய்தது. இக்னாசியோ என்பவர்களைச் செல்லமாக நாச்சோ என்பார்கள்; பெயர் அப்படி வந்தது.

அசல் என்று எல்லோரும் கொண்டாடும் அல் பஸ்டோர் டாக்கோவை எடுத்துக்கொள்ளுங்கள். செங்குத்துக் கம்பியில் கறியை அடுக்கிச் சுழலவிட்டுச் சீவும் அந்த முறை, லெபனானிலிருந்து குடிபெயர்ந்தவர்கள் கொண்டுவந்த ஷவர்மா. ஆட்டுக்கறி பன்றிக்கறி ஆனது, மசாலாவில் மெக்சிகோ மிளகாயும் அச்சியோட்டே விதையும் ஏறின. அதை யாரும் போலி என்பதில்லை.

ஓடக்கோல் | வியாழன், இரவு 8:10

ஏழிலைப்பாலை சொல்வதோடு ஒத்துப்போகிறேன். புவெப்லாவில் இன்றைக்கும் ‘அரபு டாக்கோ’ என்றே ஒன்று உண்டு. கோதுமை ரொட்டியில் வரும், அல் பஸ்டோருக்கு அண்ணன் முறை.

வடந்தை | வியாழன், இரவு 9:00

சரி, இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ‘மெக்சிகன் சாப்பாடே இல்லை’ என்று நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். அந்த இடத்தில் சமைத்தவர்களுக்கு அக்கறை இல்லை என்று எழுதியிருக்க வேண்டும்.

அந்திமந்தாரை | சனி, இரவு 10:20

போய் வந்தோம். நீளமாக எழுதப் போகிறேன், எல்லோரும் இவ்வளவு சொல்லிக்கொடுத்த பிறகு சுருக்கமாக முடிக்க மனம் வரவில்லை.

பன்னிரண்டு மணிக்கே போய்விட்டோம், கூட்டம் இல்லை. நடத்துபவர்கள் அறுபது வயதைத் தாண்டிய ஒரு தம்பதி. அவர் மேசைகளைப் பார்த்துக்கொள்கிறார், அந்த அம்மா கல்லடியில். நாங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து கல் நேராகத் தெரிந்தது. எலுமிச்சை அளவைவிடக் கொஞ்சம் பெரிதாக மாவை உருட்டி, இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவே வைத்து, மரத்தில் செய்த அழுத்தியில் ஒரே அழுத்து. தாளை உரித்துக் கல்லில் போடுகிறார். ஓரம் உலர்ந்ததும் திருப்புகிறார், இன்னொரு தடவை திருப்புகிறார், விரல் நுனியால் நடுவில் லேசாக ஒரு தட்டு. அப்படியே பூரித்து எழும்புகிறது! என் மகள் நாற்காலியில் ஏறி நின்று எண்ணிக்கொண்டிருந்தாள். எத்தனை பூரித்தது, எத்தனை பூரிக்கவில்லை என்று கணக்கு. அந்த அம்மா கவனித்துவிட்டு, அவளைக் கூப்பிட்டு ஓர் உருண்டையைக் கையில் கொடுத்து அழுத்தச் சொன்னார். அவள் அழுத்தியது நல்ல வட்டமாக வரவில்லை, ஆனாலும் பூரித்தது. அதைத் துணியில் சுற்றி அவளிடமே கொடுத்தார். உப்பு மட்டும் தூவி, சுருட்டி, நின்றுகொண்டே தின்றாள். நானும் ஒரு துண்டு பிய்த்தேன். ஓடக்கோல் ஐயா, மழை மண் என்று நீங்கள் எழுதியது உண்மை. சோளத்தின் இனிப்பு முதலில் வருகிறது, அந்த வாசம் கடைசியில் மூக்கில் நிற்கிறது.

நிழற்குடை சொன்னபடி உட்கார்ந்த உடனே கேட்டேன். மான்டேகா இருக்கிறதா? அவர் முகம் சுளிக்கவில்லை. பட்டியலை வாங்கி, பேனாவை எடுத்து, அப்பாவுக்கு ஆகாதது எது என்று ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார். மசித்த பீன்ஸ் போனது. சோறு போனது. தமால் போனது. மோலே போனது. மனசு கொஞ்சம் கனத்தது. பாதிக்கு மேல் கோடு விழுந்த பிறகு, அடியில் இரண்டு வரி அவரே கையால் எழுதிச் சேர்த்தார். ஒன்று பூசணிப்பூ கேசடியா. இன்னொன்று, பானையில் வெந்த முழு பீன்ஸ். வெங்காயமும் எப்பசோட்டே என்ற இலையும் உப்பும் தவிர வேறு எதுவும் கிடையாது என்றார். இரண்டுமே பட்டியலில் இல்லை, அவர்கள் வீட்டுக்குச் சமைத்தது!

அப்பா பேசாமல் சாப்பிட்டார். அந்த பீன்ஸ் சாற்றை இரண்டாவது கிண்ணம் கேட்டு வாங்கினார். எழுபத்தொரு வயதில் புதிதாக ஓர் இலையின் ருசி தெரிந்தது என்று வீட்டுக்கு வந்ததும் சொன்னார்.

எனக்கு மோலே வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். சாக்லேட் போட்ட குழம்பு என்று கேள்விப்பட்டிருந்ததால் இனிக்கும் என்று நினைத்தேன். இனிக்கவில்லை. கருமையான, கெட்டியான குழம்பு, கோழித் தொடையை மூடிக்கொண்டு வந்தது, மேலே எள். முதல் வாயில் கருகிய மிளகாய், பிறகு ஏதோ கொட்டை வகை, பிறகு கிராம்பு, எல்லாம் அடங்கிய பிறகு மிக லேசாக ஒரு கசப்பு. சாக்லேட் அந்தக் கசப்பில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பாதிச் சாப்பாட்டுக்கு மேல்தான் பிடித்தது. அதையும் உண்மையாகவே சொல்லிவிடுகிறேன்.

கணவருக்கு ஒரு சோதனை நடந்தது. மேசையில் மூன்று கிண்ணம் வைத்தார்கள்: சிவப்பு சல்சா, பச்சை சல்சா, ஊதா நிறத்தில் ஊறிய வெங்காயம். சிவப்புதான் காரம் என்று எண்ணி எச்சரிக்கையாக இருந்தோம். பச்சைதான் அதிகக் காரம். அதையும் தாண்டி, வெங்காயக் கிண்ணத்தில் ஆரஞ்சு நிறத்தில் குட்டிக் குட்டியாக ஏதோ கிடந்தது. குடமிளகாய்த் துண்டு என்று கரண்டியால் அள்ளி வாயில் போட்டுவிட்டார். கண்ணெல்லாம் தண்ணீர், காதெல்லாம் சிவப்பு. தண்ணீர் குடிக்கக் குடிக்க அதிகமாயிற்று. உணவகக்காரர் ஓடி வந்து தண்ணீரை எடுத்துவிட்டு ஒரு கிண்ணம் கெட்டிப் பாலேடு கொடுத்தார். அது என்ன மிளகாய்?

இரண்டு கேள்விகள் பாக்கி. டாக்கோவுக்கு ஏன் இரண்டு டோர்ட்டியா அடுக்கித் தருகிறார்கள்? அப்புறம், அல் பஸ்டோர் கேட்டோம், ராத்திரிக்குத்தான் என்றார்கள். ஏன்?

ஒரே ஒரு குறை. சாப்பிட்டு முடித்து அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம், பில் வரவேயில்லை. மற்ற மேசைகளில் ஆள் வந்ததும் எங்களை மறந்துவிட்டார்களோ என்று கடைசியில் சங்கடமாகிவிட்டது.

நிழற்குடை | சனி, இரவு 10:48

பட்டியலை வாங்கி அவர் கோடு போட்டார் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. ‘இதெல்லாம் சைவம்தான், சாப்பிடுங்கள்’ என்று ஒரே வார்த்தையில் சமாளிக்கும் இடங்கள்தான் எனக்குப் பயம். அடித்துக் காட்டுகிறவர்களை நம்பலாம்.

ஓடக்கோல் | ஞாயிறு, காலை 8:30

பில் விஷயத்தை முதலில் சொல்கிறேன், அது மனதில் தங்கக் கூடாது. அவர்கள் மறக்கவில்லை. மெக்சிகோவில் கேட்காமல் பில்லை வைப்பது, எழுந்து போங்கள் என்று சொல்வதுபோல். சாப்பிட்டு முடித்த பிறகு மேசையிலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பதற்கு ‘சோப்ரெமேசா’ என்று தனிப் பெயரே உண்டு. ஆள் காத்திருந்தாலும் உங்களைக் கிளப்ப மாட்டார்கள். ‘லா குவென்டா, போர் ஃபவோர்’ என்று நீங்கள்தான் கேட்க வேண்டும். உங்களுக்கு அவர்கள் கொடுத்தது மரியாதை.

இரண்டு டோர்ட்டியா: டாக்கோவுக்கான டோர்ட்டியா சிறியது, மெல்லியது. கறியின் சாறும் சல்சாவும் பட்டால் ஒன்று கிழிந்துவிடும், இரண்டாவது தாங்கும். உள்ளே நிறைய இருந்தால் அடியில் உள்ளதை உருவி, சிந்தியதை அதில் வைத்து இன்னொரு டாக்கோ ஆக்கிக்கொள்வோம். சாப்பிடும்போது டாக்கோவைச் சாய்க்காதீர்கள், தலையைச் சாயுங்கள்.

அல் பஸ்டோர்: கறியை மிளகாய் விழுதில் ஊறவைத்து, கம்பியில் ஒவ்வொரு தாளாக அடுக்கிக் கூம்பாக்க நேரம் பிடிக்கும். அப்புறம் வெளிப்பக்கம் வேகவேகச் சீவித் தர வேண்டும். ஆள் தொடர்ந்து வந்தால்தான் கறி காயாமல் இருக்கும். அதனால் பல இடங்களில் மாலைக்கு மேல்தான் தொடங்குவார்கள். மெக்சிகோவில் அன்றைய பெரிய சாப்பாடு பிற்பகல் இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை. மோலே, சூப், சோறு எல்லாம் அப்போது. டாக்கோ கடைகள் பல ராத்திரியில்தான் களைகட்டும்.

கூழாங்கல் | ஞாயிறு, காலை 10:05

அந்த ஆரஞ்சு மிளகாய் ஹபனேரோவாகத்தான் இருக்க வேண்டும். யுகட்டான் பக்கம் ஊதா வெங்காயத்தைப் புளிப்பு ஆரஞ்சுச் சாற்றில் ஹபனேரோவோடு ஊறவைப்பார்கள். காரத்தை அளக்க 1912-இல் வில்பர் ஸ்கோவில் ஒரு முறை கொண்டுவந்தார். அந்த அளவில் ஹாலப்பீனோ 2,500 முதல் 8,000 வரை. ஹபனேரோ ஒரு லட்சத்திலிருந்து மூன்றரை லட்சம் வரை. வாசனை பழம் மாதிரி இருக்கும், அதை நம்பித்தான் பலர் கடித்துவிடுகிறார்கள். காரத்துக்குக் காரணமான கேப்சைசின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். பாலில் இருக்கும் புரதமும் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். பாலேடு கொடுத்தவர் விவரமானவர்.

பச்சை சல்சா பற்றியும் ஒன்று. அது பழுக்காத தக்காளி இல்லை, டொமாட்டியோ என்ற தனிக்காய். காகிதம் மாதிரி ஓர் உறைக்குள் காய்க்கும், புளிப்பு அதனுடையது. காரம் அதோடு சேர்த்து அரைக்கும் பச்சை மிளகாயைப் பொறுத்தது. நிறத்தை வைத்துக் காரத்தைக் கணக்கிட முடியாது. கரண்டி நுனியில் தொட்டுப் பார்ப்பதுதான் வழி.

மிளகாய்க்கு அங்கே பச்சையாக ஒரு பெயர், காய்ந்தால் வேறு பெயர். பொப்லானோ பழுத்துக் காய்ந்தால் ஆஞ்சோ. ஹாலப்பீனோவைப் பழுக்கவிட்டுப் புகையில் உலர்த்தினால் சிப்போட்லே. பெயரை மாற்றுவதற்குக் காரணம் இருக்கிறது, ருசியே வேறாகிவிடுகிறது. ஆஞ்சோவில் உலர்திராட்சை வாசம் வரும், காரம் கொஞ்சம்தான். நீங்கள் சாப்பிட்ட மோலேயின் கருமை பெரும்பாலும் இந்த மாதிரிக் காய்ந்த மிளகாய்களை வறுத்ததால் வருவது. சாக்லேட் அதில் கொஞ்சம்தான் இருக்கும்.

ஏழிலைப்பாலை | ஞாயிறு, பிற்பகல் 3:15

மோலே பாதிக்கு மேல்தான் பிடித்தது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு மூன்றாவது தடவைதான் பிடித்தது. ஒன்றை வைத்து முடிவு செய்துவிடாதீர்கள். வஹாக்கா மாநிலத்தை ஏழு மோலேக்களின் நாடு என்பார்கள். கறுப்பு, சிவப்பு, மஞ்சள், பச்சை என்று அதில் வகை உண்டு. பச்சை மோலே பூசணி விதையும் இலைகளும் அரைத்தது, இதமாக இருக்கும். அடுத்த தடவை இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஓடக்கோல் அவர்களிடம் ஒரு சிறு முறையீடு. டோர்ட்டியாவை வைத்து உணவகத்தை எடைபோடலாம் என்றீர்கள். சரி. ஆனால் நீங்கள் சொன்னது முழுக்கச் சோள டோர்ட்டியா. வடக்கே சொனோரா மாநிலத்தில் கோதுமை மாவைக் கையிலேயே விரித்து, அப்பால் இருப்பது தெரியும் அளவுக்கு மெல்லியதாக, முழங்கை நீளத்துக்குச் செய்வார்கள். கோதுமை ஸ்பானியர்களோடு வந்தது என்பதற்காக அதை இரண்டாம் தரம் ஆக்கிவிடக் கூடாது.

ஓடக்கோல் | ஞாயிறு, மாலை 6:40

ஒப்புக்கொள்கிறேன். தெற்கில் இருந்தவனின் சாய்வு அது. வடக்கத்தி உணவகமாக இருந்தால் கோதுமை டோர்ட்டியாவைத்தான் பார்க்க வேண்டும்.

அந்திமந்தாரை, பானையில் வெந்த பீன்ஸ், பூசணிப்பூ, சோள டோர்ட்டியா என்று உங்கள் அப்பாவின் தட்டில் வந்ததைக் கவனித்தீர்களா? மில்பா என்று மெக்சிகோவின் பழைய சாகுபடி ஒன்று இருக்கிறது. சோளம், பீன்ஸ், பூசணி மூன்றையும் ஒரே நிலத்தில் விதைப்பார்கள். பீன்ஸ் கொடி சோளத் தண்டில் ஏறும். அதன் வேர் மண்ணில் நைட்ரஜன் சேர்க்கும். பூசணி இலை தரையை மூடி ஈரம் காக்கும். சாப்பாட்டிலும் அப்படித்தான், சோளத்தில் குறையும் லைசின் என்ற புரதக்கூறு பீன்ஸில் இருக்கிறது. 2010-இல் யுனெஸ்கோ மெக்சிகோவின் மரபுச் சமையலை மனித குலத்தின் பண்பாட்டு மரபாக அறிவித்தபோது மில்பாவையும் நிக்ஸ்டமாலையும் குறிப்பிட்டுத்தான் சேர்த்தது. பட்டியலில் பாதியை அடித்துவிட்ட பிறகு மிஞ்சியது அந்தச் சமையலின் அடித்தளம். ஸ்பானியர்கள் வந்து பன்றியை இறக்குவதற்கு முன்னால் அங்கே மான்டேகாவே கிடையாது.

அந்திமந்தாரை | ஞாயிறு, இரவு 9:30

இதை அப்பாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். கடைசி வரியை மறுபடியும் படிக்கச் சொன்னார்.

பில் விஷயத்தில் நான் நினைத்தது தவறு. இனி நானே கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொரு கேள்வியும் வந்துவிட்டது. கிளம்பும்போது அந்த அம்மா அப்பாவிடம், மழைக்காலத்தில் வாருங்கள், ஹுயித்லாகோச்சே கேசடியா தருகிறேன் என்றாராம். அது என்ன? சைவமா?

கூழாங்கல் | ஞாயிறு, இரவு 9:52

சோளக் கதிரில் வரும் ஒரு பூஞ்சை. மணிகள் சாம்பல் நிறத்தில் உப்பிக் கறுத்துப்போகும். மற்ற நாட்டு விவசாயிகள் நோய் என்று எரிப்பதை அவர்கள் காத்திருந்து பறிப்பார்கள். மழைக்காலம்தான் பருவம். காளான் சாப்பிடுவார் என்றால் இதுவும் ஆகும். வதக்கும்போது வெண்ணெயா மான்டேகாவா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சிறுகுறிஞ்சி | ஞாயிறு, இரவு 10:10

யாரும் கேட்கவில்லையே, ஓர்சாட்டா என்ன ஆயிற்று?

அந்திமந்தாரை | ஞாயிறு, இரவு 10:25

இரண்டு டம்ளர் குடித்தாள். மூன்றாவதை அப்பா குடித்துவிட்டார்.

காளான் சாப்பிடுவார். இப்போதே நாட்காட்டியில் குறித்துவைக்கச் சொல்லியிருக்கிறார். அதுவரைக்கும் பொறுக்க மாட்டார் போலிருக்கிறது. வியாழக்கிழமை ராத்திரி மறுபடியும் போகிறோம், கணவருக்கு அல் பஸ்டோர், அப்பாவுக்கு அந்த பீன்ஸ். பட்டியலில் இல்லாததால் நாளைக்கே போய்ச் சொல்லிவைக்க வேண்டும்.